சடை பின்னிய பேய்

சினிமாவில் தலை வாரியே முப்பது வருஷம் ஓட்டியவள் நான். கதாநாயகிக்குக் கொண்டை, வில்லிக்குக் கிராப்பு, அம்மனுக்குச் சவுரி, பேய்க்கு விரித்த கூந்தல் என்று எல்லாமே என் கைவழியாகப் போயிருக்கின்றன. இதில் எது கஷ்டம் என்று கேட்டால் எல்லாரும் கதாநாயகியைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பேய்தான் கஷ்டம். கதாநாயகி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஸ்டெல்லாக்கா, இந்தப் பக்கம் தூக்கலா இருக்கு" என்று அப்போதே சொல்லிவிடுவாள். பேய் சரியாக வந்திருக்கிறதா என்பதைத் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். அதற்குள் நாம் செய்த தப்பு படப்பெட்டிக்குள் போய் ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்திருக்கும்.

இப்போது தொழிலுக்கு வந்திருக்கும் உங்களைப் பார்க்கிறேன். நல்ல கை உங்களுக்கு. சிலிக்கானில் நிஜத் தோல் மாதிரி தோல் செய்கிறீர்கள். எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் பேய்ப் படம் என்று சொன்னதும் போனை எடுத்து வெளிநாட்டுப் பேய்களை வரிசையாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறீர்களே, அப்போது மட்டும் அந்தப் போனைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொள்ளலாமா என்று கை பரபரக்கிறது. நம் ஊர் ஜனம் எதைக் கண்டு கதவைச் சாத்திக்கொள்கிறதோ அதுதான் நம் ஊர்ப் பேய். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு பெண்ணை அடிவாங்கும் இடம்வரை கொண்டுபோய் நிறுத்தித்தான் கற்றுக்கொண்டேன்.

அதற்கு முன்னால் சின்னதாக ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேய்க்கு வெள்ளைப் புடவை வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். மைசூரில் பெரிய ஜவுளிக்கடை அது. வெள்ளைப் புடவை என்றதும் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாவம், எத்தனை வயசும்மா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ புருஷனை இழந்தவளுக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்து அந்த அலமாரியைத் திறந்திருக்கிறார். பேய்க்கும் அவளுக்கும் ஒரே அலமாரி, ஒரே புடவை. எங்கள் தெருவில் அப்படிப் புடவை கட்டிய டீச்சர் ஒருத்தி எதிரில் வந்தால் ஜனங்கள் ஒதுங்கிப் போவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். அதே ஜனம்தான் காசு கொடுத்துத் தியேட்டருக்குள் போய் அந்தப் புடவையைப் பார்த்து அலறுகிறது என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. புடவையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், வேறென்ன செய்ய? ஆனால் அதற்கப்புறம் எந்தப் பேயைக் கொண்டுவந்து என் நாற்காலியில் உட்கார வைத்தாலும், இது யாருடைய புடவை, யாருடைய தலை என்று மனசுக்குள் கேட்டுக்கொள்ளாமல் சீப்பை எடுத்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். மைசூரில் மலைக்குப் போகும் சாலைப் பக்கம், புதிதாக முளைத்த ஒரு லேஅவுட்டை ஒட்டியிருந்த பழைய பங்களாவில் பேய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். தமிழிலும் கன்னடத்திலும் ஒரே சமயத்தில் வரவேண்டிய படம். இயக்குநர் சென்னைக்காரர், கெட்டிக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். வெளிநாட்டு வீடியோ கேசட்டைப் பார்த்து ரப்பரில் ஒரு தலை செய்து கொண்டுவந்திருந்தார். கொம்பு, கோரைப்பல், முழி பிதுங்கிய கண் எல்லாம் இருந்தது. முதல் நாள் அது பங்களா வாசலில் வந்து நின்றதும் வேடிக்கை பார்க்க வந்த ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. இடுப்பிலிருந்த ஒரு குழந்தை அதன் கொம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அழுதது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "முடியில ஏதாவது பண்ணுங்கம்மா, இதுக்குப் பக்கத்து வீட்டுப் பூனைகூட பயப்படாது" என்றார்.

அந்த வருஷம் மைசூர்ப் பக்கம் உண்மையிலேயே ஒரு பேய் உலவிக்கொண்டிருந்தது. அது வீட்டுக் கதவைத் தட்டுமாம். தெரிந்தவர்கள் குரலில் கூப்பிடுமாம். திறந்தால் போச்சு. அதற்கு ஜனங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வாசல் கதவில் சாக்பீஸால் கன்னடத்தில் "நாளே பா" என்று எழுதிவிடுவது. நாளைக்கு வா என்று அர்த்தம். பேய் அதைப் படித்துவிட்டுப் போய்விடும். மறுநாள் வந்தாலும் கதவில் அதேதான் எழுதியிருக்கும், மறுபடியும் போய்விடும். பங்களாவுக்குப் பின்தெருவில் கிரில் கேட்டும் மொசைக் தரையுமாகப் புது வீடுகள். ஒரு வீடு விடாமல் எழுதியிருந்தார்கள். பேங்க்கில் வேலை செய்கிறவர்கள், காலேஜில் பாடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் குடியிருந்த தெரு அது.

செல்வியைப் பற்றிச் சொல்கிறேன். பங்களாவைக் கூட்டிப் பெருக்கி, பாத்திரம் கழுவ எங்கள் கம்பெனி வைத்திருந்த பெண். கொள்ளேகால் தாண்டி, ஹனூர் தாண்டி, காட்டோரத்தில் ஏதோ ஒரு தமிழ் ஊர். கன்னடம் காதில் கொஞ்சம் ஏறும், எழுத்து தெரியாது. புருஷன் கேரளாவுக்குக் கல் உடைக்கப் போனவன், போனவன்தான். ஏழு வயசுப் பெண் குழந்தை ஊரில் நாத்தனார் வீட்டில் இருந்தது. நாத்தனார் குடும்பம் திருப்பூருக்குக் கிளம்புகிறது, மாசக் கடைசிக்குள் வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போ என்று ஆள்மூலம் சொல்லிவிட்டிருந்தார்கள். செல்வி இங்கே கட்டடம் கட்டுகிற இடத்தில் தகரக் கொட்டகையில் இருபது பேரோடு படுத்துக்கொண்டிருந்தாள். அங்கே பெண் குழந்தையைக் கொண்டுவந்து வைக்க முடியாது. வீட்டு வேலையும் கொடுத்து, பின்கட்டில் ஓர் அறையும் கொடுக்கிற வீடு அவளுக்கு வேண்டும். அதுவும் மாசக் கடைசிக்குள் வேண்டும்.

"ஏனுங்க்கா, நீங்க கன்னடம் பேசுறவிய. எங்கூட வந்து அந்தத் தெருவுல ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்று என்னிடம் கேட்டாள்.

"நாளைக்குப் போலாம் செல்வி" என்றேன். நிஜமாகவே போகலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் கேட்டாள், அன்றைக்கும் அதையே சொன்னேன். மூன்றாம் தரம் கேட்கவில்லை.

அவளே போக ஆரம்பித்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவளுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு. ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்று, "அந்தத் தெருவுல எல்லா வூட்டுலயும் நாளைக்கு வரச்சொல்லி எழுதி வெச்சிருக்காங்களாமுங்க்கா. டீக்கடைக்காரரு படிச்சுச் சொன்னாரு" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். நான் வாயில் நாலு ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு கதாநாயகிக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். அவள் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. வேலை கேட்டு வருகிறவர்களுக்கு அந்தத் தெருக்காரர்கள் எழுதி வைத்திருக்கும் பதில் அது என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கதவு நாளைக்கு வரச் சொல்கிறது, அதனால் தினமும் போய்க் கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். கதவில் எழுதியிருப்பதை நம்பி மறுநாள் சரியாக அதே நேரத்துக்குத் திரும்பி வருவது யார்? அந்த ஊரில் அந்த வருஷம் அதற்கு ஒரே பதில்தான்.

அவள் அப்படிப் போக ஆரம்பித்த நான்காம் நாள் என் தப்பு நடந்தது. செல்விக்கு முழங்கால் தொடும் முடி. சவுரியே வேண்டாம் என்கிற மாதிரி அடர்த்தி. பேய்க்கு எப்படியிருக்கும் என்று பார்க்க அவளை உட்கார வைத்து, சடையை அவிழ்த்துச் சிக்கெடுத்து, பவுடரையும் சலித்த சாம்பலையும் கலந்து வேர்வரைக்கும் தூவினேன். நாற்பது வயசு ஒரே நிமிஷத்தில் ஏறிவிட்டது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. இயக்குநர் சாப்பிடப் போயிருந்தார். "அப்படியே இரு, அவர் வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நானும் சாப்பிடப் போனேன். எங்கும் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அது சாப்பாட்டு நேரம். நேற்று நாளைக்கு வரச் சொல்லியிருந்தார்கள், அந்த நாளைதான் இன்று. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். வேலை கேட்கும்போது முக்காடு போட்டிருந்தால் திருடி என்று நினைத்துவிடுவார்கள் என்று வாசலில் நின்று முக்காட்டை எடுத்துவிட்டாள்.

டீக்கடைக்காரர் ஓடிவந்து, "உங்க பொம்பளையைப் பின்தெருவுல மடக்கிட்டாங்க" என்றபோது என் கையில் சோறு இருந்தது. கழுவாமல் ஓடினேன். இன்னொரு கையில் சீப்பை எப்போது எடுத்தேன் என்று தெரியாது. முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். துடைப்பம், செருப்பு எல்லாம் கையில் இருந்தது. செல்வி காம்பவுண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "வேலை கேக்கத்தானுங்க வந்தேன், வேலை கேக்கத்தானுங்க" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அவள் தமிழில் பேசப் பேசக் கூட்டம் இன்னும் முறைத்தது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்த காவிரிக் கலவரத்தில்தான் மைசூர்த் தமிழர்கள் நாங்களெல்லாம் தெருவில் தமிழை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டு நடந்திருந்தோம்.

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். என் வாய்வரை வந்த வார்த்தை, "இது சினிமா, வேஷம்" என்பதுதான். சொல்லியிருந்தால்? நான்கு நாளாகத் தூக்கமில்லாமல் பயந்துகிடந்த ஜனம் அது. எங்களை ஏமாற்றிப் படம் எடுக்கிறீர்களா என்று பயம் அப்படியே கோபமாகத் திரும்பியிருக்கும். முதல் அடி அவள்மேல்தான் விழுந்திருக்கும். பயந்தவர்களிடம் நீ பயந்தது முட்டாள்தனம் என்று சொல்வதுபோல ஆபத்து வேறில்லை. அதனால் நான் எதையும் விளக்கவில்லை. எனக்குத் தெரிந்தது தலை வாருவது. அதைச் செய்தேன்.

கூட்டத்துக்குள் புகுந்து, "இதென்ன கோலம், தலையை இப்படியா போட்டுக்கிட்டு வருவே?" என்று அவளைக் கன்னடத்தில் அதட்டி, கைப்பிடித்து நடுத்தெருவில் ஒரு கல்லில் உட்கார வைத்தேன். பின்னால் நின்று சீப்பைப் போட்டேன். எதிர்வீட்டுக் கதவருகில் நின்ற அம்மாளைப் பார்த்து, "ஸ்வல்ப கொப்பரி எண்ணெ கொடிம்மா" என்று தேங்காய் எண்ணெய் கேட்டேன். பக்கத்து வீட்டில் அவசரத்துக்குக் கேட்பது போலக் கேட்டேன். அந்த அம்மாள் திகைத்துப் போய், பழக்க தோஷத்தில் உள்ளே போய்க் கிண்ணத்தில் எடுத்து வந்துவிட்டாள். அந்தத் தெருவில் செல்விக்காகத் திறந்த முதல் கதவு அதுதான். எண்ணெய் பட்டதும் பவுடர் கரைந்து கறுப்பு மேலே வந்தது. நரைத்த கிழவி எல்லார் கண்முன்னாலும் முப்பது வயசுப் பெண்ணாகிக்கொண்டிருந்தாள்.

அப்போதும் யாரும் கிட்டே வரவில்லை. துடைப்பம் இறங்கவில்லை. நான் வேண்டுமென்றே வகிட்டைக் கோணலாக எடுத்தேன். நன்றாகவே கோணல். எந்த ஊரானாலும் சரி, கோண வகிட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண்ணால் சும்மா நிற்க முடியாது. இது எனக்குத் தொழில் சொன்ன ஞானம்.

"பைத்தலெ சொட்ட ஆயித்து" என்றாள் எண்ணெய் கொண்டுவந்த அம்மாள். வகிடு கோணிவிட்டதாம்.

"அப்படியா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீங்களே எடுத்து விடுங்களேன்" என்று கன்னடத்தில் சொல்லிச் சீப்பை நீட்டினேன்.

அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு சீப்பை வாங்கி, செல்வியின் நெற்றியில் இடது கையை வைத்து, வகிட்டை நேராக இழுத்தாள். நெற்றி ஈரமாக இருந்திருக்க வேண்டும். "பாவம், வியர்த்து ஊத்துது இவளுக்கு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். தொட்டுவிட்டாள் அல்லவா, அதோடு முடிந்தது. துடைப்பக்காரர்கள் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். நான் மூன்று காலாகப் பிரித்துச் சடையைப் பின்னி முடித்தேன்.

"தினமும் ஏன் வருகிறாள்?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள். நான் தமிழில் செல்வியைக் கேட்டேன்.

"கதவுல நாளைக்கு வான்னு எழுதியிருந்துச்சுங்க. அதான் வந்தனுங்க" என்றாள்.

அதைக் கன்னடத்தில் சொல்லும்போதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது, நாக்கு குழறியது. யாரோ சிரித்தார்கள், ஆனால் அந்தச் சிரிப்பில் யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அவளுக்கு வேலையும் அறையும் வேண்டும், குழந்தை ஊரில் காத்திருக்கிறது என்று மீதியையும் சொன்னேன். அந்த அம்மாள் முகம் இளகியது. "அப்படியா? சரி, நாளே பா, வீட்டுக்காரரைக் கேட்டு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தன் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

"பேடா. இவத்தே பா" என்றாள். வேண்டாம், இன்றைக்கே வா.

செல்விக்கு எவ்வளவு புரிந்ததோ, "பா" புரிந்தது. எழுந்து அவள் பின்னாலேயே உள்ளே போனாள். ரெண்டு நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது பார்த்தேன், அந்தக் கதவில் "நாளே" மட்டும் அழிந்திருந்தது. "பா" மிச்சமிருந்தது. மாசக் கடைசிக்கு நாலு நாள் முன்னதாகவே கொள்ளேகால் பஸ்ஸில் குழந்தை வந்து இறங்கியது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று இதில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள இடமில்லை. சமயோசிதமாகக் காப்பாற்றினேன் என்று கம்பெனியில் எல்லாரும் பாராட்டினார்கள். அவளை அந்தத் தெருவுக்குத் தனியாக அனுப்பியதே நான் ரெண்டு தரம் சொன்ன "நாளைக்குப் போலாம்"தான் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தெருக்காரர்கள் சாக்பீஸால் எழுதினார்கள், நான் வாயால் எழுதினேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. வேலையைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: போட்ட வேஷத்தைக் கலைக்காமல் ஆளை வாசல் தாண்ட விடாதீர்கள்.

மறுநாள் இயக்குநரிடம் போனேன். ரப்பர் தலையைத் தூக்கி மூலையில் வையுங்கள், உங்கள் பேய் கிடைத்துவிட்டது என்றேன். பட்டப்பகல். சாதாரணக் கைத்தறிப் புடவை. எண்ணெய் வைத்துப் படியப் பின்னிய சடை. வந்து கதவைத் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து யார் என்று கேட்டால், "நேத்து நாளைக்கு வரச் சொன்னீங்களேம்மா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"பேய்க்குச் சடையா? தலையை விரிச்சாத்தானேம்மா பேய்?" என்று எகிறினார்.

"புதுசு புதுசா வீடு கட்டி கிரில் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க சார். அவங்களுக்கு இப்ப கொம்பு முளைச்சது மேல பயமில்ல. ஏதாவது கேட்டு வந்து வாசல்ல நிக்கிறவங்க மேலதான் பயம்" என்றேன். நான் குரலை உயர்த்துகிறவள் இல்லை, அன்றைக்கு உயர்த்தினேன். மூலையிலிருந்த ரப்பர் தலையை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு ஷாட் எடுத்துப் பார்ப்போம் என்றார். அதை எடுத்த நாளில் வேடிக்கை பார்க்க வந்த ஜனம் சிரிக்கவில்லை.

அந்த வேஷத்தை முதலில் செல்வியையே போடச் சொல்லிக் கேட்டேன். ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டாள். "பேய்னா பயமா?" என்று சீண்டினேன்.

"எங்கூருப் பக்கம் காட்டுல ஆள் தேடி வர்ற போலீசு ஜீப்புச் சத்தந்தானுங்க்கா பயம். ராவோ பகலோ, வாசல்ல வந்து ஜீப்பு நின்னாப் புள்ளைவளக் கூட்டிக்கிட்டுப் பின்னால ஓடிருவோம். அதுக்குக் கொம்பும் இல்ல, பல்லும் இல்ல" என்றாள். ஊருக்கு ஊர் பேய் வேறு என்று நான் முப்பது வருஷம் சொல்லிக்கொண்டு திரிவதை அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

படம் வந்தது. நஞ்சன்கூட்டில் ஒரு தியேட்டரில் மத்தியான ஆட்டத்துக்குச் செல்வியையும் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கதவு தட்டும் காட்சி வந்தது. வாசலில் வெயில், சடை, கைத்தறிப் புடவை. "நேத்து நாளைக்கு வரச் சொன்னீங்களேம்மா" என்று திரையில் குரல் கேட்டதும் தியேட்டர் முழுக்க மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. முன்வரிசையில் ஒருத்தி வீலென்று அலறினாள். திறக்காதே, திறக்காதே என்று பின்னாலிருந்து கத்தினார்கள். நான் செய்ததிலேயே பயங்கரமான பேய், சந்தேகமே இல்லை. பெருமையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். குழந்தை அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. செல்வி கொஞ்சமும் பயப்படாமல் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், கதவத் தொறந்து என்ன வேணும்னு கேட்டாத்தான் என்னவாம்?" என்றாள், அத்தனை பேருக்கும் கேட்கும்படி.